நுரையீரல் உறையும் டொக்டர் பெத்தியூனும்

மொன்ட்ரியால்-நோரில் ஆற்றோரமாகப் போகும் குவான் வீதி எம்மவர்களுக்குப் புதிதல்ல. அதே வீதியால் மேற்கே நெடுகப் போனால் கார்ட்டியேவில் பகுதியில் சக்ரே-கேர் ஆஸ்பத்திரி வரும். அங்கே போய்வந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. ஆனால் 1933 முதல் 1936 வரை அங்கு நெஞ்சறைச் சத்திரசிகிச்சைக்குத் தலைவராக இருந்தவர் ஆர் எண்டு கேட்டால் கனபேருக்குத் தெரியாது. அவர்தான் நோர்மன் பெத்தியூன். குய்-கொன்கோடியா மெட்ரோவடியில் சிலையாய் நிற்கிறாரே, அவரேதான். அந்தச் சிலை 1976இல் சீனா கொடுத்த அன்பளிப்பு.

பெத்தியூனைப் பற்றி நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் நெஞ்சு. முந்தின மாரியில் நிமோனியா வந்து, வலப்பக்க நுரையீரலின் உறை அழன்று, முதுகுப்பக்கத்தால் ஊசி விட்டுத் தண்ணி எடுத்தார்கள். இதற்குப் புளூறிசி என்று பெயர். நுரையீரலை மெல்லிய உறையொன்று இரண்டு மடிப்பாய்ப் போர்த்தியிருக்கிறது. இடையில் சிறிது ஈரம் இருப்பதால், மூச்சு விடும்போது ஒரு மடிப்பின்மேல் மற்றது வழுக்கும். அது அழன்றால் மூச்சை இழுக்கவே கத்தியால் குத்துவதுபோல நோகும், சிலருக்குத் தண்ணியும் கட்டும். காரணங்கள் பல. எங்கள் நாடுகளில் முதலில் நினைக்கவேண்டியது சயரோகம்.

பெத்தியூனுக்கு வந்ததும் சயரோகம்தான். ஒன்ராறியோவில் பிறந்த அவர், அமெரிக்காவின் டிற்றோயிற்றில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தபோது 1926இல் நோயாளியானார். சேர்ந்த இடம் சரனாக் லேக்கில் இருந்த ட்ரூடோ சனட்டோரியம். மொன்றியலுக்குத் தெற்கே, எல்லைக்கு அப்பால் மலைக்குள் இருக்கிற ஊர் அது. அந்தக் காலத்தில் சயரோகத்துக்கு மருந்தே இல்லை. ஓய்வு, சுத்தமான காற்று, நல்ல சாப்பாடு, இவ்வளவுந்தான். பனிக்காலத்திலும் விறாந்தையில் போர்வை சுற்றிக்கொண்டு கிடக்கவேண்டும். வசதியுள்ளவர்கள் இதற்காக நாடு விட்டு நாடு போனார்கள். நேருவின் மகள் இந்திரா, இதே உறை அழற்சியோடு 1939 கடைசியில் சுவிற்சலாந்தின் லெய்சானுக்குப் போய், டொக்டர் ரோலியேயின் பராமரிப்பில் ஏறக்குறைய ஒரு வருடம் இருந்தார். அவருடைய தாய் கமலா 1936இல் அதே நாட்டின் லோசானில் இறந்தவர்.

படுத்துக் கிடக்கப் பொறுக்காத மனிதர் பெத்தியூன். உறையின் இரண்டு மடிப்புக்கும் நடுவில் காற்றை ஏற்றி, நோயுள்ள நுரையீரலைச் சுருக்கி ஓய்வு கொடுக்கும் முறையைப் பற்றிப் புத்தகமொன்றில் வாசித்தார். அதை எனக்குச் செய்யுங்கோ என்று விடாப்பிடியாய் நின்று, 1927 ஒக்ரோபரில் செய்வித்தார். அவ்வருட முடிவிலேயே எழும்பி வெளியே போய்விட்டார். 1928இல் மொன்றியலுக்கு வந்து, றோயல் விக்டோரியா ஆஸ்பத்திரியில் டொக்டர் எட்வேட் ஆர்ச்சிபால்டிடம் நெஞ்சறைச் சத்திரசிகிச்சை பழகினார்.

பிறகு சக்ரே-கேர். அங்கே இருந்தபோது அவர் வெளியிட்ட ஒரு முறைதான் எனக்குப் பெரிய வியப்பு. அழற்சி வந்தால் உறையின் மடிப்புகள் ஒட்டிப்போகும், ஒட்டினால் காற்று ஏற்ற ஏலாது. ஆகவே ஒட்டுவதை டொக்டர்மார் தொல்லையாகத்தான் பார்த்தார்கள். பெத்தியூன் மறுவளமாய் யோசித்தார். நுரையீரலின் ஒரு துண்டை வெட்டி எடுக்குமுன், அயடீன் கலந்த டல்க் பவுடரை உறைக்குள் தூவி, வேண்டுமென்றே அழற்சியை உண்டாக்கி ஒட்டவைத்தார். 1935இல் இதை எழுதி வெளியிட்டார். திரும்பத் திரும்பத் தண்ணி கட்டுகிறவர்களுக்கு இன்றைக்கும் உலகம் முழுக்க டல்க் போட்டு ஒட்டவைக்கிறார்கள். (பிள்ளைக்குப் பூசுகிற பவுடரும் இதே சாதிதான். அதற்காக வீட்டில் ஒருவரும் பரீட்சிக்க வேண்டாம்!)

ஆனால் கத்தியால் மட்டும் இந்த நோய் தீராது என்பதை அவர் கண்டுகொண்டார். சுகமாகிப் போன ஏழைகள் அதே ஈரமான அறைக்கும் அரைவயிற்றுக்கும்தான் திரும்பினார்கள். பணமிருந்தவன் பிழைத்தான், இல்லாதவன் செத்தான். வைத்தியத்தை எல்லாருக்கும் அரசாங்கமே கொடுக்கவேண்டும் என்று 1936இல் தன் கூட்டாளிகளோடு திட்டம் எழுதிக் கொடுத்தார். ஆரும் காதில் போடவில்லை. அந்த வருடமே ஸ்பெயின் போர்முனைக்குப் போனார். 1938இல் சீனாவுக்குப் போய், ஒப்பரேசனில் விரல் வெட்டுப்பட்டு இரத்தம் நஞ்சாகி, 1939 நவம்பர் 12இல் இறந்தார். கியூபெக்கில் ஆஸ்பத்திரிக் காப்புறுதி வந்தது 1961இல், டொக்டரிடம் காசில்லாமல் போகும் வசதி வந்தது 1970இல்.

இனி எங்கள் பக்கத்துக் கதை. மருந்துகள் வந்த பிறகும், சனட்டோரியத்தில் படுத்தால்தான் சுகம் வரும் என்றே உலகம் நம்பியது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். (இங்கிலாந்துச் சனட்டோரியங்களில் கிடந்து திரும்பிய கணிதமேதை இராமானுஜன் 1920இல் இறந்ததும் சேத்துப்பட்டில்தான்.) நெருக்கமான வீடுகளில் வாழ்ந்த சென்னை ஏழைகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டில் வைத்தே மருந்து, மற்றவர்களுக்குச் சனட்டோரியம். 1959இல் முடிவு வந்தது. வீட்டுக்காரருக்குச் சாப்பாடு குறைவு, வேலை கூட. இருந்தும் சுகமானவர்கள் ஏறக்குறைய ஒரேயளவு. வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் அதனால் கூடுதலாய்த் தொற்றவில்லை. அதன் பிறகு உலகம் பூராவும் சனட்டோரியங்கள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன.

இவ்வளவு நடந்தும் எங்கட ஆக்களுக்கு இந்த நோயின் பெயரைச் சொல்லவே வெட்கம். காங்கேசன்துறைச் சனட்டோரியம் எண்டால் ஊரில் குரலைத் தாழ்த்திக் கதைப்பார்கள். இங்கே வெட்கத்தோடு பயமும் சேர்ந்துவிட்டது. என்னோடு இரவு வேலை செய்யும் தம்பி ஒருவர், அகதிக் கேஸ் பழுதாகிவிடும் என்று நெஞ்சு நோவையும் இருமலையும் மாதக்கணக்காய் மறைத்தார். கடைசியில் மனைவிதான் இழுத்துக்கொண்டு போனவர். சயரோக மருந்துக்குக் கியூபெக்கில் காசு வாங்குவதில்லை. ஆறு மாதம் வீட்டிலிருந்தே குளிசை போட்டார். மூன்றாம் மாதமே வேலைக்குத் திரும்பிவிட்டார். இப்போது பெட்டி தூக்குவதில் என்னைவிடக் கெட்டிக்காரன்.