ரிசர்வுக்குத் திரும்பாத புல்லட்

இன்னைக்கு எபிசோட் கட்டைவிரல் அளவு இருக்கிற ஒரு சாமானைப் பத்தி. பழைய பைக்ல டேங்குக்கு அடியில இருக்குமே, பெட்ரோல் டேப், அதுதான். போன மாசம் வத்தல்மலைல அது என்னை நடுரோட்டுல நிறுத்திடுச்சு. அந்தக் கடுப்புலதான் இதோட வரலாறைத் தோண்ட ஆரம்பிச்சேன்.

வண்டி அப்பாவோட புல்லட், 80-கள்ல வாங்கினது. நான் பெங்களூருல இருக்கேன், தர்மபுரிக்கு லீவுல போறப்ப மட்டும்தான் அதுக்கு ஓட்டம். கிளம்பும்போது அப்பா, "பெட்ரோல் பாத்தியா?"ன்னார். "இருக்குப்பா"ன்னேன். டேங்க்கைக் குலுக்கிப் பாத்தா சளக் சளக்னு சத்தம் வந்துச்சு, அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

வத்தல்மலை ஏறினவங்களுக்குத் தெரியும், கொண்டை ஊசி வளைவு வந்துக்கிட்டே இருக்கும். சுதந்திரம் வாங்கி 70 வருஷத்துக்கு மேல பஸ்ஸே போகாத மலை அது. மேல காபி, மிளகு, சாமை எல்லாம் விளையுது. பெட்ரோல் பங்க்தான் கிடையாது. ஏற்றம் முழுக்க வண்டி ஜம்முனு ஏறுச்சு. மேல சமதளம் வந்து நூறு மீட்டர் போயிருப்பேன், ரெண்டு இருமல், நின்னுடுச்சு.

ஏன் அங்க நின்னுச்சுன்னு அப்புறம்தான் புரிஞ்சது. புல்லட்ல டேப் டேங்கோட பின்பக்கம் இருக்கு. ஏறும்போது மிச்சப் பெட்ரோல் எல்லாம் பின்னாடி வந்து டேப் மேல நிக்கும். ரோடு மட்டமானதும் அது பரவி, மட்டம் கீழ இறங்கிடும். அதாவது மலை ஏத்தம் என்கிட்ட உண்மையை மறைச்சிருக்கு!

சரி, ரிசர்வ் இருக்கேன்னு கையைக் கீழ விட்டேன். டேப் அசையல. கொஞ்சம் அழுத்தினேன். ம்ஹூம். டேங்க்ல பெட்ரோல் இருக்கு, ஆனா எனக்கு இல்ல.

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும், ஏன்னா இதைக் கேக்குற பாதிப் பேர் ரிசர்வ் போட்டதே இல்லைன்னு நினைக்கிறேன். ரிசர்வ்னா தனி டேங்க் இல்ல. டேப்போட மேல்பக்கம் டேங்குக்குள்ள ஒரு குழாய் நிமிர்ந்து நிக்கும். "ஆன்"ல வச்சா அந்தக் குழாயோட உச்சி வழியாத்தான் பெட்ரோல் இறங்கும். மட்டம் உச்சிக்குக் கீழ போனா வரத்து நிக்கும். டேப்பை ரிசர்வுக்குத் திருப்பினா அடியில இருக்கிற இன்னொரு ஓட்டை திறக்கும். மோட்டார் கிடையாது, சென்சார் கிடையாது, முள் கிடையாது. வெறும் உயர வித்தியாசத்தை வச்சே "பெட்ரோல் தீரப்போகுது"ன்னு சொல்ற சிஸ்டம். ஒரு சாஃப்ட்வேர்காரனா சொல்றேன், இவ்வளவு சுருக்கமான அலெர்ட் நான் எழுதினதே இல்ல.

இப்ப வரலாறுக்கு வருவோம். புல்லட் பிறந்தது இங்கிலாந்துல ரெட்டிச்சுங்கிற ஊர்ல. அந்தக் காலத்து பிரிட்டிஷ் பைக் பலதுல இருந்தது பித்தளை டேப். திருப்புறது இல்ல, இழுக்குறது, தள்ளுறது. உள்ள அடைப்பா இருந்தது கார்க். ஆமா, பாட்டில் மூடுற அதே கார்க் மரப்பட்டைதான். ஒரு டேப் ஆனுக்கு, இன்னொரு டேப் ரிசர்வுக்குன்னு ரெண்டு வச்ச வண்டிகளும் உண்டு. கார்க்குக்கு ஒரு குணம், நனைஞ்சே இருக்கணும். டேங்க் காலியா ரொம்ப நாள் நின்னா காஞ்சு சுருங்கி ஒழுகும். அப்ப கழட்டி வெந்நீர்ல போட்டா ஊறி, உப்பி, மறுபடி பிடிக்கும். இன்னைக்கும் பழைய வண்டி வச்சிருக்கவங்க அதைச் செய்றாங்க.

1950-கள்ல இந்திய ராணுவம் 800 புல்லட் ஆர்டர் கொடுத்துச்சு. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸும் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்சாங்க, திருவொற்றியூர்ல தொழிற்சாலை வந்துச்சு. முதல்ல இங்கிலாந்துல இருந்து பார்ட்ஸ் வரும், இங்க பூட்டுவாங்க. அப்புறம் அச்சுகளே இங்க வந்து, பார்ட்ஸும் இங்கயே தயாராச்சு. வேடிக்கை என்னன்னா, 1970 வாக்குல இங்கிலாந்துக் கம்பெனியே மூடிட்டாங்க, திருவொற்றியூர்ல மட்டும் அதே புல்லட் வந்துக்கிட்டே இருந்தது. வண்டி பெருசா மாறல. டேப் கொஞ்சம் மாறுச்சு. கார்க் போய், நாலு ஓட்டை போட்ட ரப்பர் வட்டு, அதை அழுத்துற ஒரு ஸ்பிரிங், மேல ஒரு சின்ன பிடி. எங்க வண்டில இருக்கிறது அந்த வகைதான்.

ஆனா உள்ள ஓடுற பெட்ரோல் மாறிக்கிட்டே இருந்தது. 2003-ல சில மாநிலங்கள்ல 5 சதவீதம் எத்தனால் கலக்க ஆரம்பிச்சாங்க. 2022-ல நாடு முழுக்க 10 சதவீதத்தைத் தொட்டாச்சு. 2023 பிப்ரவரியில பெங்களூருல 20 சதவீதப் பெட்ரோலை அறிமுகப்படுத்தினாங்க, 2025-ல அதுவே பொதுவாயிடுச்சு. எத்தனால் மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவுக்கு மேல சேர்ந்தா தண்ணியும் எத்தனாலும் பிரிஞ்சு அடியில தங்கிடும். டேங்கோட அடியில என்ன இருக்கு? நம்ம டேப்! துருவும் அங்கதான் வந்து சேரும். நின்னுபோன பெட்ரோல் ஆவியாகி விட்டுட்டுப் போற பழுப்புப் பிசினும் அங்கதான். பழைய ரப்பர் சிலது எத்தனால்ல ஊறி உப்பிடும். எண்பதுகள்ல செஞ்ச ரப்பருக்கு இதெல்லாம் வரும்னு யாருக்குத் தெரியும்?

இன்னொரு காரணமும் இருக்கு, இதை அப்பா முன்னாடி சொல்ல முடியாது. அவர் 30 வருஷமா ரிசர்வே போட்டதில்ல. பாதி டேங்க் ஆனாலே பங்க்குக்குப் போயிடுவார். டேப்பை ஆஃப் பண்றதும் கிடையாது. அவ்வளவு ஜாக்கிரதை. அசைக்காத டேப் அப்படியே ஒட்டிக்கிச்சு.

மலைல என்ன பண்ணேன்? நம்ம ஊர் ஸ்கூட்டர் வைத்தியம்தான், வண்டியை இடது பக்கம் நல்லா சாய்ச்சேன். டேங்க் நடுவுல சட்டத்துக்காக ஒரு மேடு இருக்கும். வலது பக்கம் மாட்டிக்கிட்ட பெட்ரோல் அந்த மேட்டைத் தாண்டி டேப் பக்கம் வரும். வந்துச்சு. ஊர் வரைக்கும் ஓடுச்சு. அங்க காபி காயப்போட்டுட்டு இருந்த ஒரு பெரியவர் பாத்துட்டு, "பிளேயர் போடாத தம்பி, பிடி முறிஞ்சா ராத்திரி இங்கதான்"ன்னார். அடுப்புல இருந்த வெந்நீரைக் கொண்டுவந்து, துணியை நனைச்சு டேப்பைச் சுத்திக் கட்டினார். நெருப்பைக் கிட்டவே விடல. அஞ்சு நிமிஷம், மறுபடி அஞ்சு நிமிஷம். மூணாவது தடவை பிடி ஒரு மயிரிழை நகர்ந்தது. அப்புறம் "டக்". ரிசர்வ்.

கூடவே சொட்டவும் ஆரம்பிச்சது, ரப்பர் கிழிஞ்சிருக்கு. "சிகரெட் கிகரெட் உண்டா?"ன்னார். இல்லைன்னேன். "அப்ப நிக்காம இறங்கு"ன்னார். இறங்குறப்ப பெட்ரோல் முன்பக்கம் ஓடும், டேப்புக்கு எட்டாதேன்னு ஒவ்வொரு வளைவுலயும் வயித்துல புளி கரைச்சது. நல்லவேளை, எட்டுச்சு.

மறுநாள் அப்பாவும் நானும் வாசல்ல உக்காந்தோம். பெட்ரோலைக் கேன்ல இறக்கிட்டு டேப்பைக் கழட்டினோம். ரெண்டு சின்ன ஸ்க்ரூ, அதுக்கே அரை மணி நேரம். உள்ள ரப்பர் பழுப்புப் பிசினோட ஒட்டி, அப்பளம் மாதிரி விரிசல் விட்டிருந்தது. உலோக முகத்துல வெள்ளையா அரிப்பு. கண்ணாடித் துண்டு மேல நைஸ் எமரி பேப்பரை வச்சு அந்த முகத்தை வட்டமா தேய்ச்சு மட்டமாக்கினோம். வடிகட்டிச் சல்லடையைக் கழுவினோம். புது ரப்பர், புது ஸ்பிரிங். பூட்டினதும் ஆன், ரிசர்வ், ஆஃப் மூணுலயும் வச்சுப் பாத்தோம். சொட்டு இல்ல.

2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 விதி வந்ததோட புல்லட்லயும் கார்புரேட்டர் போச்சு, டேப்பும் போச்சு. இப்ப டேங்குக்குள்ள பம்ப், மீட்டர்ல விளக்கு. எங்க வண்டியில இன்னும் டேப்தான். அப்பா இப்ப தினமும் சாயங்காலம் போய் அதை ஒரு தடவை ரிசர்வுக்குத் திருப்பி, திரும்ப ஆஃப்ல வைக்கிறாராம். அம்மா போன்ல சொன்னாங்க.