ஏ.எஃப்.டி. கேட்டும் என் டிபன் கேரியரும்

பள்ளியில் எங்கள் பிரெஞ்சு முசே ஒரு நாள் கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதினார். 'ஒரு ரயிலுக்குப் பின்னால் இன்னொரு ரயில் மறைந்திருக்கலாம்' என்று பொருள். பிரான்சில் லெவல் கிராசிங்குகளில் பலகையாக வைத்திருப்பார்கள் என்றார். வகுப்பே சிரித்தது. நம் புதுச்சேரிக்கு இருந்ததோ ஒற்றைப் பாதை. ஒரு வண்டி போனால் அடுத்தது வர வெகுநேரம் ஆகும். மறைந்திருக்க இன்னொன்று ஏது?

அந்தச் சிரிப்புதான் பிற்பாடு என்னைக் கெடுத்தது.

விழுப்புரத்திலிருந்து நம் ஊருக்கு ரயில் வந்தது 1879 டிசம்பரில். பாதை பிரெஞ்சு மண்ணில் முடிந்தாலும் வண்டியை ஓட்டியது ஆங்கிலேயரின் தென்னிந்திய ரயில்வேதான். அந்தப் பாதை கடலூர் சாலையைக் கடக்கும் இடத்து கேட்டுக்கு, பக்கத்து ஆலையின் பெயரே ஒட்டிக்கொண்டது. ஷிப்ட் விடும் நேரத்தில் கேட் சாத்தினால் இருபுறமும் சைக்கிள்கள் திருவிழாக் கூட்டம் போல நிற்கும். உங்களில் பலரும் நின்றிருப்பீர்கள், குனிந்தும் போயிருப்பீர்கள்.

நானும் குனிந்தவன்தான். 1974-ல் குமாஸ்தா வேலையில் சேர்ந்த புதிது. தாமதமாகப் போனால் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை. ஒரு நாள் சைக்கிளைச் சாய்த்துக் கம்பத்துக்கு அடியில் நுழைந்தேன். கேரியரில் கட்டியிருந்த டிபன் கேரியர் கழன்று தண்டவாளத்தில் உருண்டது. அதை எடுக்கத் திரும்பினேன். என்ன புத்தியோ! கேட்கீப்பர் ஓடி வந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். "தம்பி, உங்க அம்மாவுக்கு டிபன் கேரியர் வேணுமா, நீ வேணுமா?" என்றார். ஸ்டேஷன் பக்கமாதலால் வண்டி மெதுவாகத்தான் வந்தது. ஆனாலும் சாம்பார்ச் சாதம் சப்பையாகிப் போனது.

பிறகு அலுவலகத்தில் சட்டப் புத்தகங்களைப் புரட்டும் பழக்கம் வந்தது. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் 131-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஆளில்லாத கேட்டில் ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும். கண்டக்டரோ கிளீனரோ இறங்கி நடந்துபோய், இருபுறமும் ரயில் வரவில்லை என்று பார்த்து, வண்டியை அழைத்துப்போக வேண்டும். யாரும் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும். முப்பது வருடம் பஸ்ஸில் சுற்றியவன் நான். அப்படி இறங்கி நடந்த கண்டக்டரை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். அன்றைக்கும் பஸ்ஸுக்குள் ஒருவர் "நேரமாகுதுய்யா" என்று கத்தினார்.

1989-ஆம் வருட ரயில்வே சட்டம் இன்னும் கடுமை. சாத்திய கேட்டை அத்துமீறித் திறந்தால் மூன்று வருடம் வரை சிறை, உடைத்தால் ஐந்து வருடம் வரை. படித்தவர் எத்தனை பேர்? கடைசியில் 2019 தொடக்கத்துக்குள் அகலப் பாதைகளில் ஆளில்லாத கேட்டுகளையே ரயில்வே ஒழித்துவிட்டது. மனிதரைத் திருத்துவதைவிட கேட்டை எடுப்பது சுலபம் போலும்.

ஆள் இருந்தும் போதவில்லை. 2025 ஜூலை 8 காலை, நமக்குப் பக்கத்திலேயே, கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போனார்கள். அங்கே கேட்டும் இருந்தது, கேட்கீப்பரும் இருந்தார். கேட்டுக்கும் சிக்னலுக்கும் இன்டர்லாக்கிங் இணைப்பு மட்டும் இல்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அண்மையில் அதே ஏ.எஃப்.டி. கேட்டில் ஸ்கூட்டரோடு நின்றேன். வண்டி போய்விட்டது, கம்பம் இன்னும் ஏறவில்லை. பின்னால் ஒரு பையன் ஹார்ன் அடித்து, "பெருசு, ரயில்தான் போயிடுச்சே, குனிஞ்சு போங்க" என்றான். நான் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றேன். அவன் என்னைச் சுற்றிக்கொண்டு குனிந்து போனான்.