பழைய பெயருக்கு முதலிடம் உண்டா?

ஜொகூர் பாருவை அடுத்துக் கங்கார் தெப்ராவ் என்றோர் ஊர் உண்டு. பூலாய்ப் பக்கம் இன்னொரு கங்கார். 1844 முதல் தெமெங்கோங் இப்ராஹிம், சீனக் குடியேற்றத் தலைவர்களுக்கு ஆற்றுப் பத்திரங்கள் வழங்கினார். மலாயில் அதற்குச் சூராட் சுங்கை என்று பெயர். பத்திரம் பெற்றவர் கங்சூ எனப்பட்டார். அந்த ஆற்றங்கரையைத் திருத்தி மிளகும் கேம்பியரும் பயிரிடும் உரிமை அவருடையது. ஆனால் பத்திரம் மட்டும் சோறு போடுமா? காட்டை வெட்டி, ஆட்களைக் குடியமர்த்திய பிறகே அது ஊராயிற்று. 1917இல் அம்முறை ஒழிக்கப்பட்டது, ஊர்ப்பெயர்கள் நிலைத்துவிட்டன.

இணையத்தில் தளப்பெயரைப் பதிவதும் ஏறக்குறைய இத்தகையதே. மலேசியாவுக்குரிய 'டாட் மை' என்னும் ஈறு 1987இல் ஒதுக்கப்பட்டது. பொதுவாக முதலில் கேட்டவருக்கே பெயர். தவணை முடியுமுன் கட்டணம் செலுத்திப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

பழைய பெயரைத் தேடுபொறி முன்னே காட்டும் என்று பலர் நம்புகிறார்கள். இதற்கு ஒரு மூலம் உண்டு. கூகுள் நிறுவனம் 2003 டிசம்பரில் விண்ணப்பித்து 2008இல் ஒரு காப்புரிமை பெற்றது. மதிப்புள்ள பெயர்களுக்குப் பல ஆண்டுக் கட்டணம் முன்கூட்டியே செலுத்தப்படுவதுண்டு, ஏமாற்றுத் தளங்களோ ஓராண்டைத் தாண்டுவது அரிது என்ற கருத்து அதில் இருந்தது. அவ்வளவுதான்! பத்தாண்டுக்குப் பதிந்தால் முதலிடம் என்று விற்பனையாளர்கள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். காப்புரிமையில் எழுதியதெல்லாம் நடைமுறைக்கு வந்துவிடுவதில்லை. பெயரின் வயது எதற்கும் உதவாது என்று அந்நிறுவனத்தின் ஜான் முல்லர் 2019இல் வெளிப்படையாகவே கூறினார்.

அப்படியானால் பழைய தளங்கள் பல முன்னே நிற்பது எப்படி? லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் வெளியிட்ட முறை, ஒரு பக்கத்தை வேறு எந்தெந்தப் பக்கங்கள் சுட்டுகின்றன என்று கணக்கிட்டது. தேடுபொறிகள் இன்று வேறு பலவற்றையும் பார்க்கின்றன, இதையும் விட்டுவிடவில்லை. இருபது ஆண்டாக நடக்கும் தளத்தை நாளிதழும் பள்ளியும் சங்கமும் சுட்டியிருக்கும். அந்தச் சுட்டுகள் சேரத்தான் காலம் வேண்டியிருக்கிறது. வெறுமனே பதிந்து பூட்டி வைத்த பெயருக்கு அவை சேர்வதில்லை.

பெயர் மாறும்போதுதான் இதன் அருமை தெரிகிறது. ஜொகூர் பாரு தெங்கா நகராண்மைக் கழகமாக இருந்தது, 2017 நவம்பர் 22இல் இஸ்கண்டார் புத்ரி மாநகர் மன்றமாயிற்று. இத்தகைய மாற்றத்தின்போது, பழைய முகவரிக்கு வருவோரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிட்டால் சேர்த்த மதிப்பு பெரும்பாலும் தொடரும்.

காலாவதியாக விட்டுவிட்டாலோ நிலைமை வேறு. பள்ளியோ கோயிலோ கைவிட்ட பெயரை அந்நியர் வாங்கி, அதன் பழைய மதிப்பில் சூதாட்டப் பக்கங்களை ஏற்றிவிடுகிறார்கள். 2024 மார்ச்சில் கூகுள் இதை முறைகேடு என்று அறிவித்துத் தன் விதிகளில் சேர்த்தது. அதனால் பறிபோன பெயர் திரும்பி வந்துவிடாது. நம் சங்கங்கள் பலவற்றில் அந்தப் பதிவு, தளம் அமைத்துக் கொடுத்த இளைஞரின் சொந்த மின்னஞ்சலில் இருக்கிறது. அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால், புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் யார் கண்ணிலும் படாமல் அங்கேயே கிடக்கும்.