அந்தமானுக்கு வராத அந்நிய உதவி

2004 டிசம்பர் 26. சென்னையில் ஒரு வங்கிக் கிளையில் அந்நியச் செலாவணிப் பிரிவில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். வீடு போர்ட் பிளேரில் (2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், என் வாயில்தான் வரமாட்டேன் என்கிறது). இரண்டு நாள் கழித்து போன் கிடைத்தது. "நாங்க நல்லாருக்கோம்டா. நிக்கோபார்லேர்ந்து கப்பல் கப்பலா ஜனங்க வர்றாங்க" என்றார் அம்மா.

அந்த வாரமே மன்மோகன் சிங் அரசு, வெளிநாட்டு அரசுகளின் உதவி இப்போதைக்கு வேண்டாம், நாங்களே சமாளிப்போம் என்றது. அதோடு இலங்கைக்கு 100 கோடி ரூபாய் அறிவித்து கடற்படைக் கப்பல்களையும் அனுப்பியது. எனக்குக் கோபமான கோபம். நம் வீட்டில் தண்ணீர் புகுந்திருக்கும்போது பக்கத்து வீட்டுக்கு வாளியோடு ஓடுவதா?

பிறகு படித்தபோதுதான் இது திடீர் முடிவு இல்லை என்று புரிந்தது. 2003 பட்ஜெட்டிலேயே ஜஸ்வந்த் சிங் ஆரம்பித்து வைத்தது. சிறுதொகை தரும் நாடுகளுக்கு நன்றி சொல்லி, கொடுப்பதானால் தொண்டு நிறுவனங்கள் வழியாகவோ ஐ.நா. அமைப்புகள் வழியாகவோ கொடுங்கள் என்றார்கள். அரசுக்கு அரசு மானியம் என்பது கொடுப்பவர் மனசு மட்டும் இல்லை. வாங்குபவரும் கையெழுத்துப் போடவேண்டும், டில்லி நிதியமைச்சகம் சம்மதிக்க வேண்டும்.

கொஞ்ச நாளில் மறுகட்டமைப்புக்கு டில்லியே உலக வங்கியை அணுகியது. 2005 மே மாதம் 465 மில்லியன் டாலர் வந்தது, ஆனால் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும். அதுவும் மானியம் இல்லை, சலுகைக் கடன். ஆசிய வளர்ச்சி வங்கி தந்த 200 மில்லியனில் பாதி நிஜமாகவே மானியம். அது தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் போனது. அந்தமானில் வீடு கட்டியது மத்திய அரசுப் பணம். நிக்கோபார் பழங்குடியினருக்கான பகுதி, 1956 சட்டப்படி நம்மவர்களே அனுமதிச்சீட்டு இல்லாமல் போக முடியாது. வெளிநாட்டுக்காரர்களை எப்படி விடுவார்கள்?

மிச்சம் இருந்த வழி தொண்டு நிறுவனம். அதில்தான் நான் மாட்டினேன். வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கம் ஒன்று அந்தமான் முகாம்களுக்கென்று வசூலித்து, ஒரு சின்ன அறக்கட்டளைக்கு அனுப்பியிருந்தது. 1976 அந்நிய நன்கொடைச் சட்டப்படி அந்த அறக்கட்டளைக்குப் பதிவும் இல்லை, முன் அனுமதியும் இல்லை. பணம் திரும்பிப் போயிற்று. படிவத்தை நிரப்பியவன் நான். முகாமில் இருந்தவர்களுக்கு அம்மா தினமும் சோறு வடித்துக் கொண்டுபோன சமயம் அது. அவரிடம் இதைச் சொல்லவே இல்லை.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது அந்நிய நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறிவிட்டால், ஓசிஐ அட்டை இருந்தாலும், ஆகும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அது புதுடில்லி ஸ்டேட் வங்கி பிரதானக் கிளைக்குத்தான் முதலில் போகவேண்டும்.

போன வருஷம் நானும் குடியுரிமை மாற்றிக்கொண்டேன். அம்மாவுக்கு அனுப்பலாம், தடையில்லை. அம்மா அதை எடுத்து யாருக்குக் கொடுக்கிறார் என்று நான் கேட்பதில்லை.