நாலுக்கு ரெண்டு: ஒரு சிந்தி பிறந்த கதை

துப்பாக்கி சுடப் போகிறோம் என்ற குதியாட்டத்தில் பள்ளத்தூரிலிருந்து என்.சி.சி. முகாமுக்கு பஸ் ஏறினேன். முதல் நாள் கையில் கிடைத்தது ஒரு பழைய வேட்டியும் கத்தரிக்கோலும்தான். "நாலு இஞ்சுக்கு ரெண்டு இஞ்சு. அம்பது துண்டு வெட்டும்மா. அளவு தப்பக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார் ஹவில்தார்.

அந்தத் துண்டுக்கு முகாமில் பெயர் சிந்தி. இந்தியில் கந்தல் துணி என்று அர்த்தம். அதைக் குழலுக்குள் இழுத்துப் போகும் கயிறு புல்துரு. இங்கிலீஷ்காரன் 'புல் த்ரூ' என்றதை நம் சிப்பாய்கள் நாக்குக்கு வாகாகத் தேய்த்துக்கொண்டார்கள். கயிற்றின் ஒரு முனையில் விரல் நீளத்தில் ஒரு பித்தளை எடை. மறு பக்கம் வரிசையாகக் கண்ணிகள். ஒரு கண்ணியில் சிந்தியைச் செருகி, போல்ட்டைக் கழற்றிய பின்பக்கம் வழியாக எடையை உள்ளே விட்டால் வாய் வழியாக வெளியே தொங்கும். பிறகு ஒரே மூச்சில், நடுவில் நிறுத்தாமல், நேராக இழுக்க வேண்டும்.

முதல் சிந்தி அடுப்புக்கரி துடைத்தது போல் வந்தது. இரண்டாவதில் சாம்பல் நிறம். ஐந்தாவது ஏறக்குறைய வெள்ளை. ஹவில்தார் ஐந்தையும் செய்தித்தாளில் வரிசையாகப் பரப்பி, பரீட்சைப் பேப்பர் திருத்துவது போல் பார்த்தார்.

இந்த 'நாலுக்கு ரெண்டு' எப்படிப் பிறந்தது என்று தேடினால், அது முதலில் துணியிலிருந்தே தொடங்கவில்லை. கசடிலிருந்து தொடங்குகிறது.

1801இல் நம் சிவகங்கைச் சீமையில் மருது சகோதரர்களோடு மோதிய கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளம் தூக்கி வந்தவை, உள்ளே காடி என்ற பள்ளக் கோடு இல்லாத வழவழக் குழல் துப்பாக்கிகள். குழலின் உள்விட்டம் முக்கால் அங்குலம்; குண்டோ அதைவிடச் சற்றுச் சிறியது, சுமார் 0.69 அங்குலம். காரணம், கருமருந்து. எரிந்தால் அதில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் திடப்பொருளாகவே மிஞ்சும்; அதில் ஒரு பகுதி குழலில் கசடாகத் தங்கும். பத்து இருபது முறை சுட்டபின்பும் குண்டு வாய் வழியாக இறங்க வேண்டும் என்பதால், அழுக்குக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கிக் குண்டை வார்த்தார்கள். தளர்ந்த குண்டு குழலுக்குள் முட்டி மோதிப் புறப்படும். நூறு கஜத்துக்கு அப்பால் அது யார் மேல் படும் என்பது சுட்டவனுக்கே தெரியாது.

குறி வேண்டுமென்றால் குண்டு சுழல வேண்டும். சுழல வேண்டுமென்றால் குழலுக்குள் முறுக்குக் காடி வேண்டும், குண்டு அதை இறுகப் பிடிக்க வேண்டும். இறுகப் பிடிக்கும் இடத்தில் கசடுக்கு ஏது இடம்? 1853ஆம் வருஷத்து என்ஃபீல்டு துப்பாக்கியில் இந்தச் சிக்கலுக்குக் கண்ட வழிகளில் ஒன்று, தோட்டாவின் காகிதத்தில் கொழுப்புத் தடவுவது. கொழுப்பு கசடை இளக்கும், குண்டு வழுக்கி இறங்கும். எந்த மிருகத்தின் கொழுப்பு என்ற கேள்வி 1857இல் சிப்பாய்க் கிளர்ச்சியாக வெடித்ததைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். வட இந்தியாவே பற்றி எரிந்த அந்தக் கதையின் அடியில், ஒரு குழலுக்குள் படிந்த கரியும் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் கசடு காய்ந்து கெட்டிப்பட்டு, குண்டு இறங்க மறுத்ததும் உண்டு. பிறகு குண்டின் விட்டத்தையே 0.568 அங்குலத்திலிருந்து 0.55க்குக் குறைத்தார்கள்.

அதுவரை துடைப்பதற்கு ஒரே வழி, வாய் வழியாகக் கம்பியை விடுவதுதான். பின்பக்கம் திறக்கும் துப்பாக்கி வந்த பிறகுதான் கயிற்றுக்கு வாசல் திறந்தது. பின்னால் போட்டால் முன்னால் விழும்! 1888இல் வந்த .303 லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கியின் ஏழு காடிகளை, கருமருந்துக் கசடு ஒட்டாதபடி ஆழம் குறைத்து, மூலைகளை உருட்டி வடிவமைத்திருந்தார் வில்லியம் மெட்ஃபோர்டு. ஆனால் சில வருஷத்திலேயே கார்டைட் என்ற புகையில்லா மருந்து வந்து, அதன் சூட்டில் அந்த மென்மையான காடிகளைக் கரைத்துவிட்டது. 1895இல் ஆழமான ஐந்து காடிகளோடு லீ-என்ஃபீல்டு பிறந்தது. 1899இல் குழலுக்கு அடியில் செருகியிருந்த கம்பியையும் எடுத்துவிட்டார்கள். சிப்பாய்க்கு மிஞ்சியது துப்பாக்கியின் பின்கட்டைக்குள் ஒளிந்திருக்கும் புல்துருவும் ஒரு சின்ன எண்ணெய்க் குப்பியும். அதற்கான ஃபிளானலெட் துணி நாலு அங்குல அகலச் சுருளாக வந்தது. ரெண்டு அங்குலத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. கோட்டில் கிழித்தால் ஒரு துண்டு. பட்டாளத்தில் அதன் பெயரே 'நாலுக்கு ரெண்டு' ஆனது.

புகை போனதே தவிரக் கசடு போகவில்லை, வேஷம் மாறியது. தோட்டாவைப் பற்றவைக்கும் பொறிமருந்தில் இருந்த பொட்டாசியம் குளோரேட், வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படிந்தது. அது நம் சமையல் உப்புக்குப் பங்காளி. மழைக்காலத்தில் உப்புச் சாடி கசிவது போலக் குழலுக்குள்ளும் ஈரத்தை இழுக்கும். இரும்பு துரு பிடிக்கும். உப்பு எண்ணெயில் கரையாது என்பதால், எண்ணெய் போட்டுத் துடைத்த குழலும் அடுத்த நாள் சிவந்து நின்றது. அதற்கு மருந்து என்னவோ கொதிக்கும் தண்ணீர்தான். புனல் வைத்து ஊற்றினால் உப்பும் கரையும், சூட்டில் குழலும் தானாகவே உலரும்.

இன்னொரு வேஷம், உலோகம். குண்டின் மேலுறை காடிகளில் உரசி மெல்லிய பூச்சாக ஒட்டிக்கொள்ளும். அதைக் கரைக்க அம்மோனியாக் கரைசல்கள் வந்தன. 1903இல் பிலடெல்பியாவில் ஃபிராங்க் ஹோப் என்பவர் கலக்கிய 'ஒன்பதாம் நம்பர்' திரவம், வாழைப்பழ வாசனையோடு இன்றும் கடைகளில் இருக்கிறது.

எங்கள் முகாமின் .22 துப்பாக்கியில் ஈயக் குண்டு. குழலில் விட்டுப்போவது பெரும்பாலும் ஈயமும் மெழுகும்தான். ஒரு குழலின் வாயோரம் துளி துரு தெரிந்ததும், "உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா சார்?" என்று கேட்டேன். கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் முருகப்பச் செட்டியார் குடும்பம் 1954இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல், உப்புத்தாளுக்கும் சாணைச் சக்கரத்துக்கும் பெயர்போனது.

"உப்புத்தாளா?" ஹவில்தார் பதறிவிட்டார். "அழுக்கோட சேர்ந்து காடியும் போயிடும்மா. கயித்தைக் கோணலா இழுத்தாலே வாய் விளிம்பு தேஞ்சிடும். அப்புறம் இந்தத் துப்பாக்கி ஆயுசுக்கும் நேரா சுடாது."

அடுத்த நாள் எனக்கே பாடம் நடந்தது. பேச்சு சுவாரசியத்தில் ரெண்டரை இஞ்சுக்கு வெட்டியிருந்த ஒரு சிந்தி, குழலின் பாதியில் நின்றுவிட்டது. இழுக்க இழுக்க இறுகியது. ஹவில்தார் திட்டவில்லை. என் புல்துருவின் கடைசிக் கண்ணியைக் காட்டினார். சிக்கினால் பின்னால் இழுக்கவென்றே வைத்த கண்ணி அது. அதில் இன்னொரு புல்துருவைக் கோத்து, இரண்டு பேர் பிடித்து இழுத்ததும் 'பொத்'தென்று வந்து விழுந்தது.

எண்ணெய் போடும் சிந்தி மட்டும் ஏன் நாலுக்கு ஒன்றரை என்பது அப்போதுதான் புரிந்தது. துணி தடித்தால் குழலின் பின்வாயிலேயே எண்ணெய் பிழிந்து போகும். உள்ளே போவது வெறும் துணி.

கடைசியாக, பின்பக்கத்தில் கட்டை விரல் நகத்தை வைத்துக்கொள்ளச் சொல்லி, வாய் வழியாகப் பார்க்கச் சொன்னார். நகத்தில் பட்ட வெயில் குழலுக்குள் ஏறியது. காடிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு முறுகிப் போயின.

"சுத்தமா இருக்கு சார்" என்றேன்.

"சுத்தம் பண்ண குழல்ல நாளைக்கு முதல் குண்டு மத்த குண்டுகளை விட்டுத் தள்ளித்தான் விழும். ரெண்டு மூணு போனதும் தானா சேரும். உடனே குறி பார்க்கிற பேக்சைட்டைத் திருகாதே" என்றவர், என் பக்கம் கத்தரிக்கோலைத் தள்ளினார். "இன்னும் அம்பது வெட்டு. இந்தத் தடவை ஸ்கேல் வச்சு."