தோசைக்கல்லின் கதை: இரும்பு முதல் நான்-ஸ்டிக் வரை

பாத்திரக் கடையில் தோசைக்கல் கேட்டால், "இரும்பா, அலுமினியமா, நான்-ஸ்டிக்கா?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். மூன்றுக்கும் விலை வேறு, எடை வேறு, வரலாறும் வேறு. ஒவ்வொரு புதிய பாத்திரமும் பழையதன் தொல்லையைத் தீர்க்க வந்தது. கூடவே தன் பங்குக்கு ஒரு தொல்லையையும் கொண்டுவந்தது.

இரும்பிலிருந்து தொடங்கலாம். சீனாவில் வார்ப்பிரும்பு மிகப் பழமையானது. ஐரோப்பாவிலோ பித்தளைப் பானைகளுக்குத்தான் மதிப்பு. இங்கிலாந்தின் ஆபிரகாம் டார்பி மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு 1707-ல் காப்புரிமை பெற்றார். ஏழைகள் வீட்டுக்கும் மலிவான பானை கிடைத்தது. ஆனால் இரும்பு துருப்பிடிக்கும், மாவு ஒட்டும். எண்ணெய் தடவிக் காய்ச்சிக் காய்ச்சிப் பழக்க வேண்டும். அப்படிக் காயும் எண்ணெய் இறுகி, இரும்பின் மேல் மெல்லிய கருந்தோலாகப் படிகிறது. பழகிய கல்லில் தோசை ஒட்டாததன் ரகசியம் இதுதான்.

செம்பும் பித்தளையும் சூட்டைச் சீராகப் பரப்பும். ஆனால் புளி பட்டால் களிம்பு ஏறும். அதனால்தான் உள்ளே ஈயம் பூசினார்கள். பூச்சு தேயத் தேய, கலாய் பூசுபவரைத் தேட வேண்டியிருந்தது.

அலுமினியம் ஒரு காலத்தில் அரிய உலோகம். 1886-ல் அமெரிக்காவின் ஹாலும் பிரான்சின் ஹெரோவும் மின்சாரத்தால் அதைப் பிரித்தெடுக்கும் வழியைத் தனித்தனியே கண்டுபிடித்ததும் விலை சரிந்தது. 1898-ல் சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். எடை குறைவு, விலை குறைவு, கலாயும் வேண்டாம். ஆனால் இதுவும் புளிக்கு ஆகாது.

1913-ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருவேறா எஃகு, நம் வீட்டு எவர்சில்வரின் முன்னோடி. புளிக்கு அஞ்சாது, ஆனால் சூட்டைச் சரியாகப் பரப்பாது. அடிப்பிடிக்கும்.

கடைசியில் வந்தது நான்-ஸ்டிக். 1938-ல் டூபான்ட் நிறுவனத்தின் ராய் பிளங்கெட் குளிர்பதன வாயுக்களை ஆராய்ந்தபோது, ஒரு உருளையிலிருந்து வாயு வரவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே வழுக்கும் வெள்ளைப் பொடி! அதுதான் டெஃப்லான். பிரெஞ்சுப் பொறியாளர் மார்க் கிரெகுவார் அதை அலுமினியத்தில் ஒட்டவைத்தார். 1956-ல் டெஃபால் நிறுவனம் பிறந்தது. எண்ணெயும் குறைந்தது, பழக்கும் வேலையும் போனது.

இந்த வசதியின் விலையைக் கொடுத்தவர்கள் வேறு யாரோ. டெஃப்லான் தயாரிப்பில் 1951 முதல் சி-8 என்ற வேதிப்பொருள் பயன்பட்டது. அமெரிக்காவின் பார்க்கர்ஸ்பர்க் ஆலையிலிருந்து அது சுற்றுவட்டாரக் குடிநீரில் கலந்தது. மாடுகளைப் பறிகொடுத்த விவசாயி வில்பர் டென்னன்ட்டுக்காக வழக்கறிஞர் ராப் பிலட் 1999-ல் வழக்குத் தொடுத்தார். 2012-க்குள் அறிவியல் குழு ஒன்று, சிறுநீரகப் புற்றுநோய் உட்பட 6 நோய்களுக்கும் சி-8-க்கும் தொடர்பிருக்கலாம் என்று அறிவித்தது. 2017-ல் சுமார் 3,500 வழக்குகள் 67 கோடி டாலருக்குச் சமரசமாயின. பெரிய நிறுவனங்கள் 2015-க்குள் சி-8-ஐக் கைவிட்டன. மாற்றாக வந்த பொருட்களும் அதே வேதிக் குடும்பம்தான்.

ஆக, எதை வாங்குவது? தோசைக்கு இரும்பு, புளிக்குழம்புக்கு அடி கனமான எவர்சில்வர் என்று வைத்துக்கொண்டால் போதும். நான்-ஸ்டிக் வேண்டுமென்றால் மிதமான தீயும் மரக்கரண்டியும் அவசியம். வெறுமனே அடுப்பில் காயவிடக் கூடாது. 260 டிகிரி செல்சியசைத் தாண்டினால் பூச்சு சிதையத் தொடங்கும். இரும்புக்கல் கேட்பதோ தினமும் ஒரு துளி எண்ணெயும் கொஞ்சம் பொறுமையும். அந்தச் செலவு வாங்கியவரோடு முடிந்துவிடும். முன்பின் அறியாத ஊரின் கிணற்றுக்குப் போகாது.