பாடமாய்ச் சுருங்கிய ஆங்கிலம்

1945இல் இலவசக் கல்வி வருமுன் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கட்டணம் செலுத்தக்கூடிய குடும்பங்களுக்கே கிடைத்தது. அதன்பின் ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழியானது. மேல்வகுப்புகளும் படிப்படியாக மாறின. உயர்தரத்தில் உயிரியலைத் தமிழில் படித்து நான் வைத்தியரானது அதனால்தான். அந்த மாற்றத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் ஆங்கிலம் ஒரு பாடமாகச் சுருங்கிவிட்டது. சொல்வதெழுதுதல், இலக்கணம், வினாத்தாள், அவ்வளவே. தமிழ்க் கதைப் புத்தகத்தை மேசைக்கடியில் ஒளித்து வாசித்த என் வகுப்புத் தோழியர், மணி அடித்ததும் ஆங்கிலப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். வாசிப்பில் விருப்பமில்லாமல் அல்ல. உச்சரிப்புப் பிழைத்தால் சிரிப்பார்களே என்ற பயம்.

பல்கலைக்கழகங்களில் சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்த பெயர் 'கடுவ', அதாவது வாள். பொருத்தமான பெயர்தான். மருத்துவப் படிப்பு இன்றும் ஆங்கிலத்திலேயே நடக்கிறது. முதலாண்டில் உடற்கூற்றியல் நூலின் ஒரு பக்கத்தை அகராதியோடு கடக்க எனக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும்.

2001இல் உயர்தர விஞ்ஞானப் பிரிவில் ஆங்கில மொழிமூலம் விருப்பத்தெரிவாக மீண்டும் வந்தது. ஆசிரியர் இல்லாத ஊர்களுக்கு அதனால் என்ன பயன்?

இப்போது என்னிடம் வரும் பதினைந்து வயதுப் பிள்ளைகள் தம் நோயைப் பற்றிக் கைத்தொலைபேசியில் ஆங்கிலத்தில் வாசித்துவிட்டே வருகிறார்கள். "ஆங்கிலம் வாசிப்பீங்களா?" என்றால், "இல்லை டொக்டர்" என்கிறார்கள். அதை வாசிப்பென்று அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

உக்குவளையில் நம் பாடசாலை நூலகத்துக்குப் புத்தகம் அனுப்ப நினைக்கும் சகோதரியரே, பரீட்சை வழிகாட்டிகள் வேண்டாம். எளிய ஆங்கிலக் கதைப் புத்தகங்களை அனுப்புங்கள். நீங்கள் வாசித்துப் பழசானவையாக இருந்தாலும் சரி.